பக்கவாதம் வந்த முதியவரை வீட்டில் பராமரிப்பது: முழுமையான வழிகாட்டி

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது குடும்பத்தார் முதலில் கேட்பது, "எப்போ நடப்பார்?" என்றுதான். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் அதற்கு முன்பே கேட்க வேண்டியது, "இவருக்கு எதை, எப்படி விழுங்கக் கொடுக்கலாம்?" என்பது. முதல் வாரத்தைத் தாண்டிய முதியவருக்கு அதன்பின் வரும் ஆபத்துகளில் பல மூளைக்கு வெளியேதான் தொடங்குகின்றன. நுரையீரலுக்குள் போன உணவால் நிமோனியா, சிறுநீர்த் தொற்று, காலில் ரத்தக்கட்டி, படுக்கைப்புண், கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவு. இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டில் இருப்பவர்களே தடுக்க முடியும். ஒரு ஸ்பூன் கஞ்சியைச் சரியாக ஊட்டுவதும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பதும் மாத்திரைக்கு இணையான சிகிச்சை என்பதை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பேச வசதியாக ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். எழுபது வயதைத் தாண்டிய அப்பா. மூளையின் இடப்பக்கம் அடைப்பு. அதனால் வலது கை, கால் விழுந்துவிட்டன. பேச்சு குழறுகிறது அல்லது வரவே இல்லை. பிபி, சுகர் இரண்டும் ஏற்கெனவே உண்டு. நம் ஊரில் அடிக்கடி பார்க்கும் நிலைமை இது.

படி 1: டிஸ்சார்ஜுக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை

டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் வாங்கியதும் கிளம்பிவிடாதீர்கள். வந்தது அடைப்பா, ரத்தக்கசிவா என்று தெளிவாகக் கேளுங்கள். பக்கவாதங்களில் சுமார் 85 சதவீதம் ரத்தக்குழாய் அடைப்பால் வருபவை. மீதி, குழாய் வெடித்து ரத்தம் கசிவதால் வருபவை. இரண்டுக்கும் மாத்திரைகள் வேறு. அடைப்புக்குக் கொடுக்கும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரல் போன்றவற்றை ரத்தக்கசிவு வந்தவர் டாக்டர் சொல்லாமல் எடுத்தால் ஆபத்து. பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரைச் சீட்டைப் பார்த்து ஒரு மாத்திரைகூடச் சேர்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

அப்புறம் இவற்றையும் கேளுங்கள்: விழுங்கும் திறனைச் சோதித்தார்களா? வாய் வழியாகக் கொடுக்கலாமா, மூக்கு டியூப் வழியாக மட்டுமா? பிபி எந்த அளவில் இருக்க வேண்டும்? சிறுநீர் டியூபை எப்போது எடுப்பார்கள்? பிசியோதெரபிஸ்ட் யார், எப்போது வருவார்? கிளம்புவதற்கு முந்தைய நாளே வார்டில் இருக்கும் நர்ஸிடம், "நான் செய்கிறேன், பக்கத்தில் நின்று பாருங்கள் சிஸ்டர்" என்று சொல்லி டியூப் வழியாக ஊட்டுவது, திருப்புவது இரண்டையும் உங்கள் கையால் ஒருமுறையாவது செய்து பாருங்கள். வேடிக்கை பார்த்துக் கற்றது வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடும்.

படி 2: அறையும் கட்டிலும்

வெளிச்சம், காற்று வரும் அறை. கழிவறைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. கட்டிலின் இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் விடுங்கள். தலைப்பக்கத்தை உயர்த்தும் கட்டில் கிடைத்தால் வாடகைக்கு எடுக்கலாம். இல்லையென்றால் உறுதியான தலையணைகளை முதுகுக்குப் பின்னால் சரிவாக அடுக்கலாம். கூப்பிடு மணியும் மூக்குக் கண்ணாடியும் நல்ல கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஏர் பெட் (மோட்டாரால் காற்று அடைக்கும் மெத்தை) வாங்கினால் அதன் மோட்டார் எப்போதும் ஓட வேண்டும். மேலே ஒரு மெல்லிய பெட்ஷீட் மட்டும் போதும். "குளிருமே" என்று ஜமுக்காளம், போர்வை, ரப்பர் ஷீட் என அடுக்கினால் ஏர் பெட் போட்ட பலன் போய்விடும். கரண்ட் போனால் காற்று இறங்குகிறதா என்று பாருங்கள். வாட்டர் பெட்டோ ஏர் பெட்டோ, எது இருந்தாலும் திருப்பிப் படுக்க வைப்பதை விட முடியாது.

படி 3: திருப்பிப் படுக்க வைப்பது

பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரவில் ஏர் பெட் இருந்து, தோலும் நன்றாக இருந்தால் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மல்லாந்து, இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாறி மாறி. சுவரில் ஒரு தாள் ஒட்டி நேரத்தையும் பக்கத்தையும் எழுதினால், வீட்டில் யார் கை மாறினாலும் குழப்பம் வராது.

நல்ல பக்கமான இடப்பக்கம் திருப்புவது இப்படி. முதலில் அவரிடம் சொல்லுங்கள்: "அப்பா, இப்போ இடப்பக்கம் திரும்பப் போறோம்." அவர் பேசாவிட்டாலும் சொல்ல வேண்டும். அவருடைய நல்ல கையால் விழுந்த கையின் மணிக்கட்டைப் பிடித்து மார்பின் மேல் வைக்கச் சொல்லுங்கள். வலது முழங்காலை மடக்குங்கள். தோள்பட்டைக்குப் பின்னாலும் இடுப்புக்குப் பின்னாலும் உங்கள் உள்ளங்கைகளை வைத்து மெதுவாக உருட்டுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள். திரும்பியதும் முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. வலது கையை முன்னால் நீட்டி ஒரு தலையணை மேல் வையுங்கள், விரல்கள் விரிந்திருக்க வேண்டும். வலது காலைச் சற்று மடக்கி, இரண்டு முழங்கால்களும் கணுக்கால்களும் ஒன்றோடொன்று உரசாதபடி நடுவில் இன்னொரு தலையணை. முழுக்க ஒருக்களிக்காமல் சுமார் 30 டிகிரி சாய்வில் இருந்தால் இடுப்பெலும்பில் அழுத்தம் குறையும்.

விழுந்த பக்கமும் படுக்க வைக்கலாம். ஆனால் குறைந்த நேரம். அந்தத் தோளைச் சற்று முன்னால் எடுத்துவிட்டுப் படுக்க வையுங்கள், கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. மல்லாந்து படுக்கும்போது கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்துக் குதிகால்களை மெத்தையில் படாமல் தூக்கி விடுங்கள். மேலே நகர்த்தும்போது இழுத்தால் தோல் உரியும். அடியில் ஒரு மடித்த பெட்ஷீட் போட்டு, இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துவதே முறை.

ஒவ்வொரு முறை திருப்பும்போதும் வால் எலும்பு, இடுப்பின் பக்கங்கள், குதிகால், கணுக்கால், முழங்கை, தோள்பட்டை எலும்பு, பின்மண்டை ஆகியவற்றைப் பாருங்கள். புத்தகங்களில் "சிவந்திருக்கும்" என்றுதான் எழுதியிருக்கும். நம் நிறத்தில் அது சிவப்பாகத் தெரியாமல் சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ ஊதா நிறத்திலோ தெரியலாம். புறங்கையை வைத்துப் பாருங்கள்: அந்த இடம் மட்டும் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கவே கூடாது. உள்ளே நொந்துபோன திசு இன்னும் சிதையும். அழுத்தத்தை முழுதாக எடுத்துவிட்டு நர்ஸிடமோ டாக்டரிடமோ காட்டுங்கள். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வேண்டாம், அது சுற்றியுள்ள ரத்த ஓட்டத்தை அழுத்தும்.

படி 4: வாய் வழியாக ஊட்டுவது

வாய் வழியாகக் கொடுக்கலாம் என்று டாக்டரோ ஸ்பீச் தெரபிஸ்டோ (பேச்சோடு விழுங்குவதற்கும் பயிற்சி தருபவர்) சொன்ன பிறகுதான் இந்தப் படி. சொல்லாதவரை ஒரு சொட்டுத் தண்ணீரும், பாலும், தீர்த்தமும் வேண்டாம். "நாக்கு காய்ஞ்சு போச்சே, ஒரு மடக்கு குடுங்க" என்று பார்க்க வரும் உறவினர்கள் கேட்பார்கள். அவர்களிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்; உதட்டையும் நாக்கையும் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

பக்கவாதத்தில் விழுங்கும் தசைகள் பலவீனமாகின்றன. இருமலும் வராமலேயே உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதுண்டு. அதனால் "இருமவில்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறார்" என்று நம்பிவிட முடியாது. ஒல்லியாக, வேகமாக ஓடும் திரவம்தான் மிகவும் ஆபத்து, அதிலும் தண்ணீர். நாம் நோயாளிக்கு நல்லது என்று நினைக்கும் ரசம் சாதமும் ஆபத்தானதே: ரசம் முன்னால் ஓடிவிடும், பருக்கை வாயில் நிற்கும், இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க அந்தத் தொண்டையால் முடியாது. பாலில் ஊறிய பிஸ்கட், தண்ணீர் பிரியும் பழைய சோறு எல்லாமே அப்படித்தான். உதிரும் புட்டு, பொரி, முறுக்கு வேண்டாம். அண்ணத்தில் ஒட்டும் களியும் வேண்டாம்.

ஏற்றது ஒரே பதமாக, ஸ்பூனில் நின்று மெதுவாக வழுக்கும் உணவு. கெட்டியான ராகிக் கஞ்சி, நெய் விட்டு நன்றாக மசித்த பருப்பு சாதம், மிக்ஸியில் அடித்த குழைந்த தயிர் சாதம், கெட்டியான சாம்பாரில் மசித்துக் குழைத்த இட்லி, மசித்த வாழைப்பழம் அல்லது பப்பாளி. தண்ணீரைக் கெட்டியாக்க மருந்துக் கடையில் பவுடர் கிடைக்கும். எந்தப் பதத்துக்குக் கலக்குவது என்பதை ஸ்பீச் தெரபிஸ்டிடம் கேட்டு அதையே கடைப்பிடியுங்கள்.

ஊட்டும் முறை. அவர் முழு விழிப்போடு இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் ஊட்ட வேண்டாம். டிவியை அணையுங்கள். முதுகு நிமிர்ந்து, கால் தரையில் ஊன்றி, நாற்காலியில் உட்கார வையுங்கள். கட்டிலென்றால் முடிந்தவரை நேராக. நீங்கள் நின்றுகொண்டு ஊட்டினால் அவர் தலையை அண்ணாந்து பார்ப்பார், அப்போது மூச்சுக்குழாய் திறந்துவிடும். எதிரே அவர் கண் மட்டத்தில் உட்காருங்கள். தாடை சற்றுக் கீழே இறங்கியிருக்கட்டும்.

டீஸ்பூனில் அரை அளவு எடுத்து, வாயின் நல்ல பக்கத்தில் வைத்து நாக்கை லேசாக அழுத்தி ஸ்பூனை வெளியே எடுங்கள். இப்போது அவர் கழுத்தைப் பாருங்கள். குரல்வளை மேலே ஏறி இறங்க வேண்டும். இறங்கிய பிறகும் ஒருமுறை எச்சில் விழுங்கச் சொல்லுங்கள். சில வாய்க்கு ஒருமுறை "ஆ" சொல்லச் சொல்லுங்கள், முடியாதவர் முனகினாலும் போதும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் களகளவென்று கேட்டால், உணவு குரல்நாண் மேல் நிற்கிறது. இருமச் சொல்லுங்கள், தொண்டை தெளிந்த பின்தான் அடுத்த வாய். அரை மணி நேரத்துக்குள் களைத்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். மூன்று வேளை நிறையக் கொடுப்பதைவிட ஐந்தாறு வேளை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது நல்லது. ஸ்ட்ரா வேண்டாம்.

முடிந்ததும் விழுந்த பக்கக் கன்னத்தின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே உணர்வு இல்லாததால் ஒரு உருண்டைச் சோறு அப்படியே தங்கியிருக்கும். படுக்க வைத்ததும் அது மூச்சுக்குழாய்க்குப் போகும். அதை வழித்து எடுத்து வாயைச் சுத்தம் செய்யுங்கள். குறைந்தது அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் பல், நாக்கு இரண்டையும் சுத்தம் செய்வது நிமோனியாவைத் தடுக்கும் வேலை. பல் செட் இருந்தால் இரவில் கழற்றிவிடுங்கள். டியூப் வழியாக மட்டும் சாப்பிடுபவருக்கும் வாய்ச் சுத்தம் வேண்டும். சொல்லப்போனால் அவருக்குத்தான் அதிகம் வேண்டும்.

சாப்பிட்ட பின் மூச்சு வாங்குவது, காய்ச்சல், சளி நிறம் மாறுவது, திடீர்ச் சோர்வு: இதில் எது வந்தாலும் வாய் வழியாகக் கொடுப்பதை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

படி 5: மூக்கு டியூப் இருந்தால்

மூக்கின் ஓரத்தில் டியூபில் ஒரு குறி இருக்கும், இல்லையென்றால் பேனாவால் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஊட்டுவதற்கு முன் அந்தக் குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ளாதீர்கள், எதையும் ஊற்றாதீர்கள்; நர்ஸையோ டாக்டரையோ அழைத்துச் சரிபார்க்க வேண்டும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயரம். சிரிஞ்சால் லேசாக உறிஞ்சிப் பார்த்து, முந்தைய உணவு நிறைய வந்தால் சற்று நேரம் தள்ளிப்போடுங்கள்.

உணவை வடிகட்டுங்கள். பொதுவாக ஒரு முறைக்கு 200 முதல் 250 மில்லி, உங்களுக்குச் சொன்ன அளவே சரி. சிரிஞ்சின் அழுத்தும் தண்டைக் கழற்றிவிட்டு, ஊற்றி, வயிற்று மட்டத்துக்கு ஓரடி மேலே பிடித்தால் தானாக இறங்கும். தள்ளி ஏற்றக் கூடாது. முன்னும் பின்னும் கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரால் டியூபைக் கழுவிவிடுங்கள். மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பொடித்து, தனித்தனியாகக் கரைத்துக் கொடுங்கள். மேலே பூச்சுள்ள மாத்திரை, மெதுவாகக் கரையும் வகை மாத்திரை ஆகியவற்றைப் பொடிக்கக் கூடாது. மருந்துக் கடையில் கேட்டு வேறு வடிவம் எழுதி வாங்குங்கள். நடுவில் இருமினாலோ முகம் நீலம் பாய்ந்தாலோ உடனே நிறுத்துங்கள். அவர் டியூபைப் பிடுங்கப் பார்த்தால் கையைக் கட்டாமல், அந்தக் கையில் ஒரு துண்டைக் கொடுத்துப் பிடித்திருக்கச் சொல்லிப் பாருங்கள்.

இன்சுலின் போடுபவருக்கு ஊட்டல் தள்ளிப்போனாலோ அளவு குறைந்தாலோ சுகர் இறங்கிவிடும். வியர்வை, மயக்கம், உளறல் தெரிந்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அவசரம். மயங்கியவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றக் கூடாது. டியூப் சரியான இடத்தில் இருந்தால் அதன் வழியாகக் கொடுக்கலாம், இல்லையென்றால் 108.

படி 6: சிறுநீரும் மலமும்

சிறுநீர் டியூப் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு நல்லது. இருக்கும்வரை பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது, திருப்பும்போது டியூப் காலுக்கடியில் மடங்கக் கூடாது. எடுத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை யூரின் பாட்டில் அல்லது கமோட் நாற்காலி கொடுத்துப் பழக்குங்கள். டயப்பர் போட்டால் ஈரமானதும் மாற்ற வேண்டும், "இன்னும் நிறையலை" என்று விடுவதுதான் புண்ணுக்கு ஆரம்பம். கழுவி, ஒற்றித் துடைத்து, தேங்காய் எண்ணெயோ துத்தநாகக் களிம்போ மெல்லியதாகத் தடவுங்கள். பவுடர் வேண்டாம், ஈரத்தில் கட்டியாகி உறுத்தும்.

மலச்சிக்கல் அடிக்கடி வரும். சாப்பிட்ட அரை மணி நேரத்தில், தினமும் ஒரே நேரத்தில் கமோடில் உட்கார வையுங்கள். மூன்று நாள் போகாவிட்டால் டாக்டரிடம் சொல்லி மருந்து வாங்குங்கள், முக்கவிடாதீர்கள்.

படி 7: விழுந்த கை, கால்

அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். விழுந்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தோள் மூட்டைப் பிடித்து வைத்திருந்த தசை தளர்ந்துவிட்டதால் மூட்டு இறங்கிவிடும்; அந்த வலி மாதக்கணக்கில் இருக்கும், அதற்குப் பயந்தே அவர் உடற்பயிற்சியை மறுப்பார். உட்கார்ந்திருக்கும்போது கையைத் தொங்கவிடாமல் மடியில் தலையணை வைத்துத் தாங்குங்கள். பிபி பார்ப்பதும் ஊசி போடுவதும் நல்ல கையில்.

பிசியோதெரபிஸ்ட் காட்டியபடி தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள், இடுப்பு, முழங்கால், கணுக்கால் என ஒவ்வொரு மூட்டையும் மெதுவாக அசைத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் பத்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று தடவை. வலிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்குவது பிசியோதெரபிஸ்ட் சொன்ன பிறகுதான். கை ஏற்கெனவே இறுக மூடிக்கொண்டிருந்தால் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வதில் அவசரம் வேண்டாம். அந்தக் கைக்கு விரியத்தான் பழக்கம் வேண்டும், கேட்டுச் செய்யுங்கள்.

எண்ணெய் தடவி மென்மையாக நீவுவதில் தவறில்லை. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் அதைத் தொட்டு நீவக் கூடாது. ரத்தக்கட்டியாக இருந்தால் நுரையீரலுக்குப் போய் உயிரை எடுக்கும். உடனே ஆஸ்பத்திரி. உணர்வில்லாத கை காலில் வெந்நீர்ப் பை, ஒத்தடம் வேண்டாம். தோல் வெந்தாலும் அவருக்குத் தெரியாது. புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும் என்று சொல்லி வருபவர்களுக்குப் பணமும் நாளும் கொடுக்காதீர்கள். மீட்சி வேகமாக நடப்பது முதல் மூன்று மாதங்களில், ஆறு மாதம் வரையிலும் நன்றாகத் தொடரும். அதன்பின் மெதுவாக. அந்த மூன்று மாதம் திரும்பக் கிடைக்காது.

சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைத்துவிடுங்கள். கழற்றும்போது அதைக் கடைசியில். முன்பக்கம் திறக்கும் சட்டை, எலாஸ்டிக் வைத்த உடை எளிது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது நாற்காலி அவருடைய நல்ல பக்கத்தில், பிரேக் போட்டு நிற்கட்டும். இடது கையால் அவர் செய்ய முடிந்ததை அவரே செய்யட்டும்: முகம் துடைப்பது, பட்டன் போடுவது, தலை வாருவது. பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். பாசத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் மூளைக்குத் திரும்பக் கற்க வாய்ப்பே கிடைக்காது.

படி 8: பேச்சும் மனமும்

பேச முடியாதவருக்குக் காது கேட்காது என்று கத்துகிறோம். குழந்தையிடம் பேசுவதுபோல் பேசுகிறோம். இரண்டும் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, தலையசைத்துச் சொல்லும்படி: "தண்ணி வேணுமா அப்பா?" பதிலுக்குக் காத்திருங்கள். வாக்கியம் பேச முடியாத சிலருக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணவும், பல வருடம் பாடிய பக்திப் பாட்டைச் சேர்ந்து பாடவும் வரும். அதைத் தினமும் செய்யுங்கள். அவர் முன்னாலேயே செலவைப் பற்றியும் "இனி என்ன ஆகுமோ" என்றும் பேசாதீர்கள், அவருக்கு நிறையவே புரியும்.

இடது கை, கால் விழுந்தவர்களுக்கு வேறு ஒன்று வரலாம்: இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே கவனிக்காமல் போவது. தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். அடம் என்று நினைக்காமல், அந்தப் பக்கம் உட்கார்ந்து பேசி, அந்தக் கையைத் தொட்டுக் காட்டுங்கள்.

காரணமில்லாமல் அழுவது, சிரிப்பது மூளைப் பாதிப்பால் வருவது. ஆனால் இரண்டு வாரமாக எதிலும் நாட்டமில்லை, சாப்பாடு வேண்டாம், தூக்கமில்லை என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இது வருகிறது, மருந்தும் உண்டு. திடீரென்று ஒரே நாளில் குழம்பி உளற ஆரம்பித்தால் தொற்றோ ரத்தத்தில் உப்புச்சத்துக் குறைவோ இருக்கலாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

பார்த்துக்கொள்பவரும் மனிதர்தான். பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ ஒருவரே இரவு பகலாகக் கிடக்கிறார். வாரத்தில் சில இரவுகளை மற்றவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பும் மகனும் ஊருக்கு வந்தால் ஒரு வாரம் டயப்பர் மாற்றட்டும்.

தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி, வலி நிவாரணச் சேவையும் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

படி 9: மாத்திரையும் மறு தாக்குதலும்

"நல்லா ஆயிட்டாரே" என்று மாத்திரையை நிறுத்துவதுதான் இரண்டாவது பக்கவாதத்துக்கு வழிவிடுகிறது. பல் பிடுங்கவோ வேறு ஆபரேஷனுக்கோ ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னால், பக்கவாதத்துக்குப் பார்க்கும் டாக்டரிடம் கேட்ட பிறகே நிறுத்துங்கள். பிபியைத் தினமும் எழுதி வையுங்கள். பொதுவாக 130/80-க்குக் கீழே என்பார்கள், உங்கள் டாக்டர் சொன்ன அளவுதான் உங்களுக்கு. ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம்.

முகம் ஒரு பக்கம் புதிதாகக் கோணுவது, நல்ல கையோ காலோ தளர்வது, பேச்சு மேலும் குழறுவது, பார்வை போவது, தள்ளாடுவது: இதில் ஒன்று தெரிந்தாலும் 108. கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை அந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் பொதுவாகப் போட முடியும், அதிலும் முந்தினால் பலன் அதிகம். ஏற்கெனவே பக்கவாதம் வந்தவருக்கு அந்த ஊசி சரிப்படுமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார். நீங்கள் தயங்கி நேரத்தைக் கடத்தாதீர்கள். சிடி ஸ்கேன் உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள். வழியில் தண்ணீர் கொடுக்க வேண்டாம். வீட்டிலிருக்கும் ஆஸ்பிரினையும் கொடுக்க வேண்டாம், இந்த முறை ரத்தக்கசிவாகக்கூட இருக்கலாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்காதீர்கள், கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் பயனில்லை.

டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய ஸ்கேன், மாத்திரைப் பட்டியல், பிபி நோட்டு எல்லாம் ஒரே பையில் கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். ஆம்புலன்ஸ் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.